தீயணைப்பு நிலையக் கணினி மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அழைப்பு வந்துகொண்டிருக்கும்போது கணினியைச் சரிசெய்ய உட்காராதீர்கள். திரை உறைந்துவிட்டதா? பக்கத்தில் இருக்கும் நோட்டில் இடம், அழைத்தவர் எண், நேரம், என்ன எரிகிறது என்று எழுதிக்கொண்டு வண்டியை அனுப்பிவிடுங்கள். கணினியை அப்புறம் பார்க்கலாம். இதற்காகவே தொலைபேசி அருகே ஒரு நோட்டும் எழுதக்கூடிய பேனாவும் எப்போதும் இருக்க வேண்டும். கீழே உள்ளதெல்லாம் வண்டி திரும்பி வந்த பிறகோ, ட்யூட்டி மாறும் நேரத்திலோ செய்ய வேண்டியவை.

பல வருடங்களாக நிலையக் கணினிகளைப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: இங்கே ஆபத்தாக முடியும் பழுதுகளில் பெரும்பாலானவை பெரிய பழுதே இல்லை. ஒலி எந்த ஸ்பீக்கருக்குப் போகிறது, கணினி எப்போது தூங்குகிறது, கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்பது போன்ற சின்னச் செட்டிங்குகள்தான். வீட்டுக் கணினியில் இவற்றை யாரும் கவனிக்கவே மாட்டார்கள். நிலையத்தில் அப்படி விட முடியாது.

அழைப்பு திரையில் வந்திருக்கிறது, அலாரம் மட்டும் ஒலிக்கவில்லை

இதைத்தான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் சரிபார்க்க வேண்டும். ஒருமுறை எங்கள் அறையில் பழைய மானிட்டரை மாற்றிப் புதியதை ஹெச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தார்கள். படம் பளிச்சென்று வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். அன்று இரவு அழைப்பு வந்தபோது சத்தமே இல்லை. விழித்திருந்தவர் திரையைப் பார்த்ததால் தப்பித்தோம். ஹெச்டிஎம்ஐ வழியாக ஒலியும் போகும். அதனால் விண்டோஸ் அந்த மானிட்டரையே ஒலி வெளியீடாக எடுத்துக்கொண்டது. மானிட்டரிலோ ஸ்பீக்கர் கிடையாது.

கீழ்மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, ஒலி எந்தக் கருவிக்குப் போகிறது என்று பாருங்கள். மானிட்டர் பெயரோ யாருடைய ப்ளூடூத் ஹெட்செட்டோ இருந்தால், அறையில் உள்ள ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள். பிறகு சவுண்ட் செட்டிங்ஸுக்குள் போய், வேண்டாத வெளியீடுகளை முடக்கிவிடுங்கள். முடக்கினால்தான் அடுத்த அப்டேட்டுக்குப் பிறகு அது தானாகத் திரும்ப மாறாது.

ஒலி சரியான ஸ்பீக்கருக்குத்தான் போகிறது, ஆனாலும் சத்தமில்லை என்றால், அழைப்புத் திரை பிரவுசரில் திறக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, யாரும் தொடாத பக்கம் தானாக ஒலி எழுப்புவதைப் பிரவுசர்கள் தடுக்கும். கணினி மறுதொடக்கம் ஆகிப் பக்கம் தானே திறந்திருந்தால், அதில் ஒருமுறையாவது கிளிக் செய்தால்தான் ஒலி வரும். அந்தத் தளத்துக்கு மட்டும் ஒலி அனுமதியை நிரந்தரமாகக் கொடுத்துவிடுவது நல்லது. இரண்டு, வெகுநேரம் பார்க்காத டேபைப் பிரவுசரே தூங்க வைத்துவிடும். எட்ஜில் இதை ஸ்லீப்பிங் டேப்ஸ் என்கிறார்கள், குரோமில் மெமரி சேவர். இரண்டிலும் விலக்குப் பட்டியல் உண்டு. அழைப்புத் திரையின் முகவரியை அதில் சேர்த்துவிடுங்கள்.

கணினியே தூங்கிவிடுகிறதா என்பதையும் பாருங்கள். பவர் செட்டிங்ஸில் திரை அணைவது வேறு, கணினி தூங்குவது வேறு. திரை அணையலாம், தப்பில்லை. தூக்கத்தை மட்டும் 'ஒருபோதும் வேண்டாம்' என்று வையுங்கள்.

கைபேசியில் அழைப்பு வரும் செயலி என்றால் பேட்டரி சிக்கன அமைப்புதான் பெரும்பாலும் குற்றவாளி. ஆண்ட்ராய்டில் அந்தச் செயலியின் பேட்டரிப் பக்கத்துக்குப் போய் கட்டுப்பாட்டை நீக்குங்கள். 'தொந்தரவு செய்யாதே' நிலையிலும் அதன் ஒலி வரும்படி விதிவிலக்குக் கொடுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு ஒரு சோதனை அழைப்பு அனுப்பிக் காதால் கேட்டுவிடுங்கள். செட்டிங்கைப் பார்த்துவிட்டேன் என்பது போதாது.

நடுராத்திரியில் கணினி தானாக மறுதொடக்கம் ஆகிவிட்டது

விண்டோஸ் அப்டேட். 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று ஒரு அமைப்பு உண்டு. அந்த நேரத்துக்குள் மறுதொடக்கம் ஆகாது. ஆனால் அதிகபட்சம் 18 மணி நேரம்தான் கொடுக்க முடியும். 24 மணி நேரமும் ஓடும் அறைக்கு மீதி 6 மணி நேரம் எப்போதும் திறந்தே கிடக்கும். அதனால் இதை மட்டும் நம்பக் கூடாது. வாரத்தில் ஒரு நாள், ட்யூட்டி மாறி இரண்டு அணியும் நிலையத்தில் இருக்கும் அந்த அரை மணி நேரத்தில், நீங்களே அப்டேட்டைப் போட்டு மறுதொடக்கம் செய்துவிடுங்கள். அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்தி வைப்பது எனக்கு உடன்பாடில்லை. பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடந்தால், ஒருநாள் கோப்புகள் மொத்தமும் பூட்டப்பட்டு நிற்கும்.

கணினிக் கடிகாரம் தப்பாகக் காட்டுகிறது

எவ்வளவு தப்பு என்பதிலேயே காரணம் தெரிந்துவிடும்.

முழு மணிக்கணக்கில் அல்லது சரியாக அரை மணி கூடக்குறைய இருந்தால், நேர மண்டலம் மாறியிருக்கிறது. இரண்டு மூன்று நிமிடம் பிசகியிருந்தால், இணையத்தோடு நேரம் ஒத்திசைவது நின்றுபோயிருக்கிறது. டேட் அண்ட் டைம் பக்கத்தில் 'சிங்க் நவ்' அழுத்துங்கள். ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வந்த பிறகும் பல வருடம் பின்னால் போய் நின்றால், மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலான மேசைக் கணினிகளில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரிதான் இருக்கும். கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு மாற்றினால் போதும். தேதி தப்பாக இருக்கும்போது 'இந்தத் தளம் பாதுகாப்பற்றது' என்று இணையத்தளங்கள் திறக்க மறுக்கும். பலர் இணையம் போய்விட்டது என்று அங்கேயே முட்டிக்கொண்டிருப்பார்கள். முதலில் தேதியைப் பாருங்கள்.

நிலையத்தில் உள்ள கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கணினியில் ஒரு நேரம், சுவர்க் கடிகாரத்தில் ஒரு நேரம், வண்டியில் இருக்கும் டேப்லெட்டில் இன்னொரு நேரம் என்றால், அறிக்கையில் வண்டி புறப்படுவதற்கு முன்பே சம்பவ இடத்தை அடைந்ததாக வரும். நாளைக்கு விசாரணையில் அந்த அறிக்கையைப் பிடித்துக் கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியாது. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

எக்செலில் மறுமொழி நேரத்துக்குப் பதில் ##### வருகிறது

முதலில் நெடுவரிசையை அகலப்படுத்திப் பாருங்கள். எண் தெரிந்தால் அவ்வளவுதான். தெரியவில்லை என்றால், நேரம் எதிர்மறையாகிவிட்டது. அழைப்பு 23:52, சம்பவ இடம் 00:04. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் எக்செலுக்கு விடை பூஜ்யத்துக்குக் கீழே. அதைக் காட்டத் தெரியாமல் கட்டம் முழுக்க அந்தக் குறியைப் போட்டுவிடும்.

மாட் என்ற சூத்திரத்தை வைத்து இதைத் தீர்க்கலாம் என்று பலர் சொல்வார்கள். கழித்த விடையை 1 ஆல் வகுத்து மீதியை எடுப்பது அது. 12 நிமிடம் என்று சரியாக வரும். ஆனால் பெரிய கிடங்குத் தீ இரண்டு நாள் எரிந்தால், அதே சூத்திரம் 26 மணி நேரத்தை 2 மணி நேரம் என்று சொல்லும், ஒரு எச்சரிக்கையும் வராது. அதனால் நான் சொல்வது, நேரத்தை மட்டும் தட்டாதீர்கள். தேதியையும் நேரத்தையும் ஒரே கட்டத்தில் தட்டுங்கள். அப்போது சாதாரணக் கழித்தலே போதும், நள்ளிரவும் தாண்டும், இரண்டு நாளும் தாண்டும்.

விடைக் கட்டத்தின் வடிவமைப்பில் மணிக்குரிய எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுங்கள், அதாவது [h]:mm. இல்லையென்றால் 24 மணியைத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து காட்டும். மாத மொத்தப் பணி நேரம் கூட்டும்போது '7:30' என்று வந்து திகைக்க வைப்பது இதுதான்.

சராசரி மறுமொழி நேரம் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக வருகிறதா? பாதி வழியில் திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளுக்கு யாரோ 0:00 என்று போட்டிருப்பார்கள். எக்செல் அதையும் ஒரு நேரமாக எடுத்துச் சராசரியைக் கீழே இழுத்துவிடும். போய்ச் சேராத அழைப்புக்குக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். வெறும் கட்டத்தைச் சராசரி கணக்கில் சேர்க்காது. நிலையத்தின் செயல்பாட்டை இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் மேலே எடைபோடுகிறார்கள். அது உண்மையாக இருக்க வேண்டும், நமக்குச் சாதகமாக இருந்தாலும் பாதகமாக இருந்தாலும்.

தேதிகள் குழம்பிக் கிடக்கின்றன

வேறு கணினியிலிருந்து வந்த கோப்பில் சில தேதிகள் கட்டத்தின் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டியிருக்கிறதா? நிறுத்திவிட்டுக் கவனியுங்கள். ஒரு கணினி நாள்-மாதம் என்று எழுதியதை இன்னொன்று மாதம்-நாள் என்று படித்திருக்கிறது. 25/03 மாதிரி வந்தால் 25 ஆவது மாதம் கிடையாது, எனவே எக்செல் அதைத் தேதியாக ஏற்காமல் சும்மா எழுத்தாக இடப்பக்கம் விட்டுவிடும். 04/03 வந்தாலோ மார்ச் 4 ஐ ஏப்ரல் 3 ஆக்கிவிட்டுச் சத்தமில்லாமல் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும். இடப்பக்கம் இருப்பதை மட்டும் திருத்தினால் பாதி வேலைதான். வலப்பக்கம் இருப்பவைதான் தப்பானவை. அந்தக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, கணினியின் வட்டார அமைப்பில் தேதி முறையைச் சரிசெய்து, மூலக் கோப்பை மறுபடி திறப்பதே பத்திரமான வழி.

இதோடு சேர்ந்த சிக்கல் ஒன்று: தொலைபேசி எண்களின் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போவது. தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். கருவிகளின் வரிசை எண் 15 இலக்கத்துக்கு மேல் இருந்தாலும் அப்படித்தான். எக்செல் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும், மீதியைப் பூஜ்யமாக்கிவிடும். பிறகு மீட்கவே முடியாது.

வரைபடம் வேறு இடத்தைக் காட்டுகிறது

அட்சரேகை, தீர்க்கரேகையை மூன்று விதமாக எழுதுகிறார்கள்: தசமப் பாகை, பாகையும் தசம நிமிடமும், பாகை-நிமிடம்-நொடி. ஒரு விதத்தில் சொன்னதை இன்னொரு விதமாகத் தட்டினால் வண்டி வேறு ஊருக்குப் போய் நிற்கும்.

ஒரு கணக்குப் பாருங்கள். ஒருவர் வானொலியில் '10 பாகை 20 நிமிடம் 30 நொடி' என்கிறார். சரியான தசம வடிவம் 10.3417. கேட்டவர் அவசரத்தில் 10.2030 என்று தட்டிவிடுகிறார். வித்தியாசம் 0.1387 பாகை. அட்சரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஆக 15 கிலோமீட்டர் தள்ளி நிற்போம். ஒரு நிமிடம் என்பது சுமார் 1.85 கிலோமீட்டர், ஒரு நொடி 31 மீட்டர் அளவு என்று மனதில் வைத்துக்கொண்டால் தப்பைச் சட்டென்று உணரலாம்.

புள்ளிக்குப் பின் 60 முதல் 99 வரை ஏதாவது இரண்டு இலக்கம் வந்தால் அது நிச்சயம் நிமிடம் இல்லை, தசமம்தான். 60 க்குக் கீழே இருந்தால் இரண்டாகவும் இருக்கலாம், திரும்பக் கேளுங்கள். நிலையத்துக்குள் ஒரே வடிவம் என்று முடிவு செய்து, அதைக் கணினிக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுங்கள். நான் தசமப் பாகையைத்தான் சொல்வேன், புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம். ஐந்தாவது இலக்கம் ஒரு மீட்டரைத் தொடும். அதற்கு மேல் தட்டுவதில் பலனில்லை.

வரைபடம் கடலுக்கு நடுவிலோ வேறு கண்டத்திலோ புள்ளி வைத்தால், இரண்டு எண்ணும் இடம் மாறியிருக்கின்றன. அட்சரேகை முதலில் வர வேண்டும். அது 90 ஐத் தாண்டாது என்பதை வைத்துச் சில இடங்களில் கண்டுபிடித்துவிடலாம், எல்லா இடத்திலும் முடியாது.

கைபேசிக் கோபுரமே எரிந்தோ மின்சாரம் இல்லாமலோ போகும் நாளில் இணைய வரைபடம் திறக்காது. உங்கள் எல்லையையும் பக்கத்து நிலையங்களின் எல்லையையும் முன்பே ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். கூகுள் மேப்ஸில் அப்படி இறக்கியது காலாவதியாகும் என்பதால் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடும் ஆர்கானிக் மேப்ஸ் முழுக்க ஆஃப்லைனிலேயே வேலை செய்யும். நீர்நிரப்பும் இடங்களை அதில் நீங்களே குறித்து வைத்துக்கொள்ளலாம்.

வண்டியைக் கிளப்பியதும் டேப்லெட் அணைந்து மறுபடி எழுகிறது

எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும் அந்தச் சில நொடிகளில் வண்டி பேட்டரியின் மின்னழுத்தம் சடாரென்று விழும். டேப்லெட்டின் சொந்த பேட்டரி பலவீனமாக இருந்தால் அதோடு சேர்ந்து இதுவும் விழும். டேப்லெட் பேட்டரியை மாற்றுவது அல்லது மின்னழுத்தம் விழுந்தாலும் தாங்கிப்பிடிக்கும் மின்சார கன்வெர்ட்டரைப் போடுவதுதான் தீர்வு. கனரக வண்டிகளில் பெரும்பாலும் 24 வோல்ட் அமைப்பு. கார்களுக்கான 12 வோல்ட் சார்ஜரை அதில் செருகினால் சார்ஜர் கருகும். சார்ஜரின் மேல் 12–24 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே செருகுங்கள்.

ஜிபிஎஸ் இடம் பிடிக்க வெகுநேரம் எடுக்கிறது என்றால், தகரக் கூரைக்குள் நிற்கிறீர்களா என்று பாருங்கள். பல நாள் அணைந்திருந்த கருவி, இணைய உதவி இல்லாமல் செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையை வாங்கவே 12.5 நிமிடம் ஆகும். தினசரி வண்டிச் சோதனையின்போது வெளியே எடுக்கும் நேரத்திலேயே டேப்லெட்டையும் இயக்கி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

தீ அருகே கைபேசி தானாக அணைவது பழுதல்ல, தற்காப்பு. ஐபோனைப் பயன்படுத்தும் சூழல் வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. நிழலில் வைத்து ஆறவிடுங்கள். குளிர்ந்த நீரிலோ குளிர்பெட்டியிலோ வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோர்க்கும்.

வேதிப்பொருளைத் தேடினால் எதுவும் வரவில்லை

பெயரை எழுத்துக்கூட்டித் தேடாதீர்கள். லாரியில் உள்ள பலகையில், உள்ளே இருக்கும் பொருளை அடையாளம் காட்டும் நான்கு இலக்க ஐநா எண் இருக்கும், அதைத் தட்டுங்கள். 1005 அம்மோனியா, 1017 குளோரின், 1075 சமையல் எரிவாயு வகை, 1203 பெட்ரோல். ஈஆர்ஜி எனப்படும் அவசரகால வழிகாட்டி நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. 2024 பதிப்பு வந்துவிட்டது. உங்கள் கைபேசியில் 2020 பதிப்பு இருந்தால் மாற்றுங்கள். கேமியோ கெமிக்கல்ஸ் செயலியும் இணையம் இல்லாமல் வேலை செய்யும்.

தமிழ் எழுத்து சரியாகத் தெரியவில்லை

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கோப்பு யூனிகோடில்தான் இருக்கிறது, எழுத்துரு மட்டும் இல்லை. நிர்மலா யுஐ அல்லது லதாவுக்கு மாற்றுங்கள். அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரிந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. அந்த எழுத்துருவை நிறுவிப் படிக்கலாம், ஆனால் யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது. இல்லாவிட்டால் அந்தக் கோப்புக்குள் எதையும் தமிழில் தேட முடியாது. தலையில் குறி போட்ட எழுத்துகளாகத் தெரிந்தால், சிஎஸ்வி கோப்பை எக்செல் தவறான குறிமுறையில் திறந்திருக்கிறது. கோப்பை இருமுறை கிளிக் செய்து திறக்காமல், எக்செலின் 'டேட்டா' பகுதி வழியாக உள்ளே எடுத்து, 65001 யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

சம்பவ இடப் படங்கள் திறக்கவில்லை, அல்லது அழிந்துவிட்டன

ஐபோன் படம் விண்டோஸில் திறக்கவில்லை என்றால் அது ஹெச்ஈஐசி வடிவம். கேமரா செட்டிங்கில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றினால் இனி எடுப்பவை ஜேபெக்காக வரும். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கி, எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்களையும் கழற்றிவிடும். தீ எப்படிப் பிடித்தது என்ற விசாரணைக்கு அந்த விவரங்கள் வேண்டும். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். மூலப் படத்தை வெட்டவோ வெளிச்சம் கூட்டவோ வேண்டாம், நகலில் செய்யுங்கள்.

மெமரி கார்டில் தவறி அழித்துவிட்டால், அந்தக் கார்டில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். அழிந்த படத்தின் இடத்தைப் புதிய படம் எடுத்துக்கொள்ளும் வரை அது உள்ளேதான் இருக்கும். போட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் மீட்கலாம். மீட்டதை அதே கார்டில் சேமிக்க வேண்டாம்.

கண்காணிப்புக் கேமராப் பதிவு வாங்கும்போது, கேமராவின் பதிவுப் பெட்டித் திரையில் ஓடும் நேரத்தையும் உங்கள் கைபேசியில் ஓடும் நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டிகளின் கடிகாரம் தப்பாக ஓடுவது சகஜம். இந்த ஒரு படம் பிற்பாடு ஒரு நாள் தலைவலியைத் தவிர்க்கும். பழைய பதிவின்மேல் புதியது எழுதப்படும் என்பதால் தாமதிக்கவும் கூடாது.

பென் டிரைவில் கோப்புறைகள் ஷார்ட்கட்டாக மாறியிருக்கின்றன

வைரஸ். ஷார்ட்கட்டைக் கிளிக் செய்யாதீர்கள், கிளிக் செய்தால்தான் அது பரவும். கோப்புகள் அழியவில்லை, மறைந்துள்ளன. முதலில் ஆன்டிவைரஸ் ஓட்டுங்கள். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட கோப்புகளையும் காட்டச் சொல்லி, உங்களுடையதை நகலெடுத்துக்கொண்டு டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். பதிவு வாங்கப் போன இடத்தில் கொடுத்த பென் டிரைவை அழைப்புக் கணினியில் செருகவே வேண்டாம்.

அச்சு வரிசையில் நிற்கிறது, இணையம் இல்லை

பிரிண்டரை அணைத்துப் போட்டும் நகரவில்லை என்றால், சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை (அச்சு வேலைகளை வரிசையில் வைப்பது) நிறுத்தி, விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறைக்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்பதில் உள்ளவற்றை மட்டும் அழித்து, ஸ்பூலரை மறுபடி தொடங்குங்கள்.

இணையம் இல்லையென்றால் கேபிள் செருகும் இடத்தில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிகிறது, ஆனால் கணினியின் முகவரி 169.254 என்று தொடங்குகிறது என்றால், ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை. ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்.

கணினி ஓடும்போது வானொலியில் இரைச்சல்

மலிவான சார்ஜர்களும் எல்இடி விளக்குகளும்தான் வழக்கமான காரணம். கையடக்க வானொலியை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது இரைச்சல் நிற்கிறதோ அதை மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் அதன் கம்பியில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் போட்டு, வானொலியின் ஆன்டெனாக் கம்பியிலிருந்து தள்ளி வையுங்கள்.

மின்சாரம் போனதும் யுபிஎஸ் இருந்தும் எல்லாம் அணைகிறது

லேசர் பிரிண்டர் யுபிஎஸ்ஸின் பேட்டரிப் பக்கத்தில் செருகியிருக்கிறதா? அதன் உள்ளிருக்கும் சூடேற்றி ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரத்தை யுபிஎஸ் தாங்காது. பிரிண்டரைச் சுவரில் நேரடியாகச் செருகுங்கள். பிரிண்டர் இல்லாமலும் அணைந்தால் பேட்டரி தீர்ந்திருக்கிறது. ஈய-அமில பேட்டரி பொதுவாக 3 முதல் 5 வருடம்தான் வரும், எனவே மாற்றிய தேதியை யுபிஎஸ் மேலேயே எழுதி ஒட்டுங்கள். ரவுட்டரையும் யுபிஎஸ்ஸில் இணைக்க மறக்காதீர்கள். கணினி ஓடியும் ரவுட்டர் அணைந்துகிடந்தால் அழைப்பு வராது, திரை மட்டும் வெளிச்சமாக இருக்கும்.